தவிட்டு ஒத்தடம்

போன மாதம் தஞ்சாவூருக்குச் செக்கப்புக்குப் போயிருந்தபோது டாக்டர் கேட்டார். "அந்தத் தழும்பை எடுத்துடலாமா அம்மா? சின்ன வேலைதான். காலையில வந்தா சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்."

என் இடது மார்பின் கீழ்ப்பக்கம் பாதி உள்ளங்கை அளவுக்கு ஒரு தீத்தழும்பு இருக்கிறது. தோல் சுருங்கி, நடுவில் பள்ளம் விழுந்து, பார்க்க நன்றாக இருக்காது. வேண்டாம், இருக்கட்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். பயமாக இருக்கிறது என்று சொன்னேன். ஒரு மார்பை எடுத்து, வயிற்றுச் சதையை வெட்டி இன்னொன்று செய்துகொண்டவளுக்கு ஒரு தழும்பை எடுக்க என்ன பயம்? அவரும் நம்பவில்லை. ஆனால் நல்ல பெண், மேலே கேட்கவில்லை.

காரணம் என் அக்கா. அந்தத் தழும்பு அவள் கையால் வந்தது. அப்படித்தான் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்படிச் சொல்லி வைத்தவள் நான்தான். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைச் சொல்லாமல் இருந்ததால்தான் அக்காவை இழந்தேன் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்ன, அதுதான் உண்மை.

எனக்குக் குடவாசல் தாலுகா ஆபீசில் வேலை. வருகிற மனுவில் ஒரு கையெழுத்து இல்லையென்றாலும், சிட்டா நகல் ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். "படிச்சுப் பார்த்துட்டு வாங்கய்யா" என்று எத்தனை விவசாயிகளிடம் எரிந்து விழுந்திருப்பேன் என்று கணக்கில்லை. வாய் கொஞ்சம் நீளம்தான். என் வீட்டுக்காரர் நாலு மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறவர். அவருடைய நீளமான பேச்சு "சரி" என்பதுதான்.

அக்கா என்னைவிட ஆறு வயது பெரியவள். நாலு மைல் தள்ளி ஒரு கிராமத்தில் அத்தான் சின்னதாக ஒரு ரைஸ் மில் வைத்திருக்கிறார். அக்காவின் தலைமுடியில் எப்போதும் தவிட்டுத் தூசி இருக்கும். "மாவுல புரட்டின வாழைக்கா பஜ்ஜி வருது பாரு" என்று நான் கேலி செய்வேன். அவள் என் மேல் நாலு உதறு உதறிவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

எனக்கு நாற்பத்தேழு வயதில் கட்டி வந்தது. இடது மார்பை எடுத்தார்கள். கீமோ, ரேடியேஷன் எல்லாவற்றுக்கும் தஞ்சாவூருக்கு என்னோடு வந்தது அக்காதான். காலைப் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்து, ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்து, வாந்தி வந்தால் ஏந்த ஒரு பையையும் மடியில் வைத்துக்கொள்வாள். முடி கொட்டி நான் மொட்டையாக உட்கார்ந்திருந்தபோது எல்லோரும் அழுதார்கள். அவள் மட்டும் தலையைத் தடவிப் பார்த்து, "நல்ல உருண்டைத் தலைடி உனக்கு. இத்தனை வருஷம் தெரியாமப் போச்சே" என்றாள்.

ரவிக்கைக்குள் வைக்க முதலில் பஞ்சு அடைத்து ஒரு பை தைத்துக் கொடுத்தாள். அது கனமில்லாமல் மேலே மேலே ஏறிக்கொண்டது. ஆபீசில் ஜமாபந்திக் கணக்குப் பார்க்கிற சமயம், எட்டி ஒரு ரிஜிஸ்டரை எடுத்தபோது தோள்பட்டைக்கே வந்துவிட்டது. எதிரில் நின்ற பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதைக் கேட்டு அக்கா பயறு போட்டு ஒரு பை தைத்தாள். கனம் சரியாக இருந்தது. ஆனால் நான் பயறைக் கொட்டாமல் பையோடு துவைத்துக் கொடியில் போட்டுவிட்டேன். இரண்டாம் நாள் பார்த்தால் தையல் வழியாக முளை எட்டிப் பார்க்கிறது. "தை அறுவடைக்கு முன்னாடி வயல்ல தெளிக்கிற பயற உன் நெஞ்சுல தெளிச்சுட்டேன். நல்ல ஈரம் போலருக்கு" என்று அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வெளியே வந்ததும் சொன்னேன். "அக்கா, எனக்கு இது வேணும். டாக்டர் வயித்துச் சதையை எடுத்து வச்சுத் தரேங்கிறாங்க. நான் பண்ணிக்கப் போறேன்."

சொந்தத்தில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. பிழைத்ததே பெரிது, இந்த வயசில் யாருக்குக் காட்ட என்றார்கள். ஒரு அத்தை, மகனுக்குப் பெண் பார்க்கிற வயசில் இது தேவையா என்று என் முகத்துக்கு நேரே கேட்டாள். அவள் முந்தின வருஷம்தான் பல் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நான் வாயைத் திறக்கும் முன் அக்கா திறந்தாள். "பல்லு போனா பல்லு வச்சுக்கிறோம். இது போனா இது வச்சுக்கிறா. அவ உடம்பு, அவளுக்கு வேணும்னா வேணும்தான்." என் வீட்டுக்காரர் "சரி" என்றார்.

ஐப்பசியில் ஆபரேஷன் நடந்தது. ஒன்பது மணி நேரம் ஆனதாம். கண் விழித்தபோது வயிற்றில் இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்பு வரை தையல். உடம்பைச் சுற்றி நாலு குழாய். எழுந்து நடக்க வைத்தபோது நிமிர முடியவில்லை. நடவுக்காரி மாதிரி குனிந்தே நடந்தேன்.

முதல் மூன்று நாளும் மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து புது மார்பைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பாள். நிறம் பார்ப்பாள், சூடு பார்ப்பாள். அக்கா என்ன ஏது என்று கேட்டபோது அந்தப் பெண் சொன்னாள். "சூடா இருக்கணும்மா. சூடா இருந்தா ரத்தம் ஓடுதுன்னு அர்த்தம். சில்லுனு ஆச்சுன்னா ஆபத்து, உடனே எங்களைக் கூப்பிடணும்." அக்கா தலையாட்டினாள். அதற்கப்புறம் நர்ஸ் போனதும் அக்கா ஒருமுறை தொடுவாள். புறங்கையால்தான், அதே மாதிரி. "சூடா இருக்குடி" என்பாள், சோறு வெந்துவிட்டது என்கிற நிம்மதியோடு.

எனக்கு அவள் கை பட்டதே தெரியாது. உணர்ச்சி நரம்பெல்லாம் அறுந்துவிட்டது, வருஷம் போனால் ஓரத்தில் கொஞ்சம் வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் முன்னமே சொல்லியிருந்தார். அக்கா விரலால் மெல்ல அழுத்தி, "தெரியுதா?" என்பாள். "இல்ல" என்பேன். மறுநாள் மறுபடி "தெரியுதா?" இல்லை. வயிற்றுத் தோல் அல்லவா, என் மகன் பிறந்தபோது விழுந்த வெள்ளைக் கோடுகள் இரண்டு அதில் இருந்தன. அதைப் பார்த்துவிட்டு, "உன் மகன் போட்ட கோடு மாடி ஏறிடுச்சு பாரு" என்றாள். வயிறு குலுங்கிச் சிரிக்க முடியாது, தையல் இழுக்கும். "சிரிக்க வைக்காதடி பாவி" என்று அக்காவையே டி போட்டேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது இரண்டு பக்கத்தில் அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் மாத்திரை, குழாய், குளிப்பது பற்றி இருந்தது. படித்தேன். திருப்பிப் பார்க்கவில்லை. ஊர் மனுவையெல்லாம் வரி வரியாகப் படித்துத் திருப்பி அனுப்புகிறவள், என் உடம்புக்கான தாளின் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. அதில்தான் எழுதியிருந்தது. இந்த இடத்தில் சூடு தெரியாது, ஒத்தடம், வெந்நீர்ப் பை எதுவும் வைக்கக்கூடாது என்று.

மார்கழியில் ஒரு நாள். விடிந்தும் பனி விலகவில்லை. வயல் பக்கமிருந்து வீட்டுக்குள் ஈரக்காற்று வந்துகொண்டிருந்தது. முதல் நாளே வந்து தங்கியிருந்த அக்கா, எனக்குத் தலை பின்னிவிட உட்கார்ந்தவள், வழக்கம்போலப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் மாறியதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

"சில்லுனு இருக்குடி."

நானும் கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்துதான் இருந்தது. இரண்டு மாதம் ஆன பிறகு, பனிக்காலத்தில், அந்தத் தோல் அப்படித்தான் இருக்கும் என்று இப்போது தெரியும். அன்று இருவருக்கும் நர்ஸ் சொன்னது மட்டும்தான் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் வலி என்றாலும், வீக்கம் என்றாலும், பிள்ளை பெற்ற இடுப்பு என்றாலும் தவிட்டு ஒத்தடம்தான். அது வைத்து யாருக்கும் கெட்டுப்போனதாக நாங்கள் கேட்டதில்லை. அக்கா கொண்டுவந்த பையில் மில்லின் புதுத் தவிடு இருந்தது. இரும்பு வாணலியில் போட்டு வறுத்து, வேட்டித் துணியில் முடிந்து, தன் கன்னத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டு, எனக்கு வைத்தாள்.

"சூடு தாங்குதா?"

"தெரியவே இல்லக்கா. இன்னும் சூடு பண்ணி வை."

அவள் தயங்கினாள். மறுபடி கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "எனக்குச் சுடுதேடி" என்றாள்.

"உனக்குச் சுட்டா எனக்கென்ன? எனக்குத் தெரியலங்கிறேன். உள்ள ரத்தம் நின்னு போயிருந்தா என்ன பண்றது? வை அக்கா, நல்லா சூடா வை" என்று கத்தினேன்.

இதுதான் நான் யாரிடமும் சொல்லாத பாதி.

அவள் வாணலியை மறுபடி அடுப்பில் ஏற்றினாள். இரண்டு முறையோ மூன்று முறையோ மாற்றி வைத்தாள். வறுத்த தவிட்டின் வாசனை வீடெல்லாம் வந்தது. மார்பு சூடானது. தொட்டுப் பார்த்து இருவரும் பெருமூச்சு விட்டோம். எனக்குச் சுகமாகக்கூட இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? உணர்ச்சியே இல்லாத இடத்தில் என்ன சுகம்? பயம் போன சுகம்தான்.

சாயங்காலம் கொப்புளம் போட்டுவிட்டது. மறுநாள் காலை அந்த இடம் வெளுத்து, ஓரம் கறுத்திருந்தது.

தஞ்சாவூரில் டாக்டர் துணியை விலக்கி, கறுத்த ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "என்ன வச்சீங்க? யார் வச்சது?" என்றார். அதட்டலாகக்கூடக் கேட்கவில்லை.

நான் விரலை நீட்டினேன். "இதோ நிக்கிறாளே, எங்க அக்கா. இவதான் வச்சா." நீட்டிய விரலை மடக்கவும் இல்லை. "டாக்டர் ஒம்பது மணி நேரம் நின்னு செஞ்சத, நீ ஒம்பது நிமிஷத்துல கருக்கிட்டியேக்கா."

அக்கா கட்டிலுக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'நீதானேடி சூடா வைக்கச் சொன்னே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்வாள் என்று பயந்துதான் நான் இன்னும் சத்தமாகப் பேசினேன். அவள் சொல்லவில்லை. டாக்டரைப் பார்த்து, "தெரியாமப் பண்ணிட்டேங்க" என்றாள். அவ்வளவுதான்.

வெந்த சதையை வெட்டி எடுத்தார்கள். நல்லவேளையாக மார்பு பிழைத்தது. புண் ஆற இரண்டு மாதம் ஆனது. ஒரு வாரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து ஊர் திரும்பிய அன்று பஸ்ஸில் வழக்கம்போல எனக்கு ஜன்னலோரம் விட்டாள். அவள் ஊர் நிறுத்தத்தில் இறங்கும்போது, "பார்த்துப் போ" என்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அவள் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. ரோஷம் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவளைப் பார்த்தால் நான் சொன்னது எனக்கு ஞாபகம் வரும். பொங்கலுக்குப் புது அரிசி அத்தான் கையில் கொடுத்தனுப்பினாள். வாசலிலேயே வாங்கிக்கொண்டேன். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. "பெரியவங்க, நீ ஒரு எட்டுப் போயிட்டு வாயேன்" என்றார் என் வீட்டுக்காரர். அவர் அத்தனை வார்த்தை பேசியும் நான் அசையவில்லை.

ஆவணி மாதம் அத்தான் ஆபீசுக்கு வந்தார். உள்ளே வராமல் புளியமரத்தடியில் நின்றார். மேலெல்லாம் தவிடு. "கொஞ்சம் வந்து பாரும்மா. அவ என்னமோ மறைக்கிறா. கிட்டப் போனா ஒரு மாதிரி வாடை வருது" என்றார்.

அன்றைக்கே போனேன். கதவைச் சாத்திவிட்டு முந்தானையை நானே விலக்கினேன். வலது மார்பில் கட்டி வெடித்துப் புண்ணாகி இருந்தது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அப்பியிருந்தாள். என்னோடு அத்தனை கீமோவுக்கும் உட்கார்ந்திருந்தவள், எந்தக் கட்டி எப்படி இருக்கும் என்று டாக்டருக்கு அடுத்தபடி தெரிந்தவள்.

"எப்பலேருந்து?"

"மாசியில சுண்டைக்கா மாதிரி தட்டுப்பட்டுச்சு."

"மாசியிலயா? மாசியிலேருந்து வாய மூடிக்கிட்டா இருந்தே? உனக்கு அறிவு இருக்கா?" மறுபடியும் கத்தினேன். எனக்குத் தெரிந்தது அதுதானே.

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "உன்கிட்டக் காட்டலாம்னுதான் மூணு தடவை பஸ் ஏறுனேன். மூணு தடவையும் உங்க தெருமுனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வர்றது சொல்லு."

மறுநாள் காலைப் பஸ்ஸில் அவளைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனேன்.

நுரையீரலுக்கும் முதுகெலும்புக்கும் பரவியிருந்தது. இப்போது நான் ஜன்னலோர சீட் பிடித்தேன். நான் எலுமிச்சம்பழம் கொடுத்தேன். அவள் தலை மொட்டையானபோது, "உனக்கும் உருண்டைதான்க்கா" என்று சொன்னேன். சிரித்தாள். அவளுக்கு மார்பை எடுப்பது, வைப்பது என்ற பேச்சே வரவில்லை. அதற்கெல்லாம் நேரம் கடந்துவிட்டது. நான் ஐந்து மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு அவள் வீட்டிலேயே இருந்தேன். மில்லும் பாதி நாள் மூடியே கிடந்தது.

பங்குனியில் ஒரு மத்தியானம், கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னேன். சொல்ல வேண்டும் என்று பல நாளாக மென்று விழுங்கியது. "அக்கா, அன்னைக்கு நான்தான் சூடா வைக்கச் சொன்னேன். நீ சுடுதுன்னே. நான்தான் கத்தினேன். டாக்டர்கிட்ட அதச் சொல்லல."

அவள் வாயிலிருந்த கஞ்சியை விழுங்கினாள். "தெரியுமே, நான்தானே வச்சேன்."

"ஏன்க்கா நீ சொல்லல?"

"உன்னையும் திட்டுவாங்கல்ல. நீயே புண்ணோட படுத்துருக்கே." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, கையைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. நான் அந்தக் கையை எடுத்து என் மார்பில், தழும்பின் மேல் வைத்துக்கொண்டேன். அவள் ஒரு விரலால் அழுத்தினாளா, இல்லை அழுத்த நினைத்தாளா என்று தெரியாது. "இப்பவாவது தெரியுதா?" என்றாள்.

"இல்லக்கா."

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். தெரியுது என்று ஒரு வார்த்தை. ஆபீசில், வீட்டில், டாக்டரிடம், எங்கெல்லாமோ பொய் சொன்ன வாய், அன்று பார்த்து உண்மையைச் சொன்னது. அவள் "சரி, வரும்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். நாலாம் நாள் போய்விட்டாள்.

அடுத்த தை மாதம் எங்கள் சம்பா நெல்லை அரைக்க அத்தான் மில்லுக்கே கொண்டுபோனோம். வேறு மில்லுக்குப் போக மனசு வரவில்லை. அக்கா போன பிறகு அன்றுதான் உள்ளே கால் வைக்கிறேன். மெஷின் ஓடுகிற சத்தத்தில் தரை அதிர்ந்தது. தவிடு விழுகிற இடத்தில் குவிந்து கிடந்தது. புகை மாதிரி தூசி. அக்கா எப்போதும் அங்கேதான் நிற்பாள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. நானும் போய் அங்கே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கழுத்து, முதுகு, கை எல்லாம் அரிக்கத் தொடங்கியது. தவிட்டுத் தூசி ரவிக்கைக்குள் இறங்கிவிட்டால் அப்படித்தான்.

கழுத்தைச் சொறிந்தேன். தோளைச் சொறிந்தேன். கை தானாக இடது மார்புக்குக் கீழே போய் ரவிக்கையோடு தேய்த்தது. பிறகுதான் உறைத்தது. அங்கேயும் அரிக்கிறது. தழும்பின் ஓரத்தில், ஒரு விரல் அகலத்துக்கு, அரிக்கிறது.

கையை எடுத்தேன். மறுபடி வைத்து, ஒரு விரலால் அவள் அழுத்துவதுபோலவே அழுத்தினேன்.

"தெரியுதுக்கா" என்றேன்.

நெல் கொட்டிக்கொண்டிருந்த அத்தான் திரும்பி, "என்னம்மா?" என்று சத்தமாகக் கேட்டார். மறுபடியும் சொன்னேன். மெஷின் ஓடிய சத்தத்தில் அவருக்கும் கேட்கவில்லை.